தெருமுனை வரைக்கும் நிமிர்ந்த நடை

உடற்பயிற்சி வகுப்பு முடிந்து கூடத்தை விட்டு வெளியே வரும் அந்தப் பெண்களைப் பார்த்தால் அறுபதைத் தாண்டியவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தோள் நிமிர்ந்திருக்கும், கை வீசி நடப்பார்கள், சிரிப்புச் சத்தம் எதிர்ச் சுவர்வரை கேட்கும். மருந்துக்கடை இருக்கும் தெருமுனை வந்ததும்தான் வேடிக்கை. ஒருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொள்வாள். இன்னொருத்தி பைக்குள் மடக்கி வைத்திருந்த ஊன்றுகோலை எடுத்து விரிப்பாள். பேங்கில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்ற அம்மா வலது காலை இழுக்க ஆரம்பிப்பாள். சில நாள் மறந்துபோய் இடது காலை இழுத்துவிடுவாள். "அது இல்ல, அந்தக் கால்" என்று மற்றவர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பிறகு ஆளுக்கொரு வலியைச் சுமந்துகொண்டு ஆளுக்கொரு தெருவில் பிரிந்து போவார்கள்.

இந்த வழக்கத்துக்குக் காரணம் டீச்சரம்மா. கணக்கு டீச்சராக இருந்தவள். வகுப்பில் சேர்ந்தபோது அவளை நாற்காலியிலிருந்து எழுப்பவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒரு வருஷம் கழித்து அவளே தரையில் மல்லாந்து படுத்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நின்று காட்டினாள். பயிற்சி கொடுக்கும் கோச், பிசியோதெரபி படித்த சின்னப் பெண், அன்றைக்கு அழுதேவிட்டாள். டீச்சரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் மகள் முன்னாலும் அதையே செய்து காட்டினாள். மகளும் கை தட்டினாள். தட்டிய கையோடு வேலைக்காரியை நிறுத்தினாள், தன் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டாள், மொட்டை மாடியில் துணி காயப்போடுவதையும் சேர்த்து டீச்சரம்மா தலையில் கட்டினாள். "அம்மாதான் இப்ப ஜம்முனு இருக்காங்களே" என்று போனில் எல்லாரிடமும் சொன்னாளாம்.

அதோடு டீச்சரம்மா வகுப்புப் பக்கம் வருவது நின்றது. ஒருநாள் மருந்துக்கடை வாசலில் கண்ணில் பட்டாள். இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள், தோளில் பை, கண்ணுக்குக் கீழே கருப்பு. "உடம்பு நல்லாயிருந்தா வீட்ல சொல்லிடாதீங்க" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேட்டவர்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

கோச்சுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "உங்க வீட்டுக்காரங்ககிட்ட கேட்டா ஒரு மாற்றமும் தெரியலன்னு சொல்றாங்களே, நான் சொல்லித் தர்றதுல ஏதாவது தப்பாம்மா?" என்று பாவம், முகம் வாடிக் கேட்பாள்.

"உன் மேல தப்பில்ல கண்ணு. எங்க உடம்பு வாகு அப்படி" என்பாள் பேங்க்கம்மா. மற்றவர்கள் கூரையில் என்னவோ எழுதியிருப்பது போல மேலே பார்ப்பார்கள்.

இந்த நாடகத்தில் தேர்ந்த நடிகை லாண்டரியம்மா. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில், ஈரப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்திலிருந்து உருவி வண்டியில் போடுவதையே காலமெல்லாம் செய்தவள். ஆஸ்பத்திரி அவளுடைய முட்டியையும் தோளையும் எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பி வைத்தது. இனிமேலாவது காலை நீட்டி உட்காரலாம் என்று அவள் நினைத்திருந்தபோது கணவர் படுத்துக்கொண்டார். பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு இருந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

அவர் பஸ் ஓட்டியவர். நல்ல வாட்டசாட்டமான ஆள். வியாதி வந்தும் எடை மட்டும் குறையவில்லை. "உங்க முட்டி இருக்கற லட்சணத்துல நீங்க இவரைத் தூக்கினா, பக்கத்துல இன்னொரு கட்டில் போட வேண்டியதுதான்" என்று டாக்டர் பயமுறுத்தினார். பக்கத்துத் தெருவில் தனிக்குடித்தனம் இருந்த மகனும் மருமகளும், தங்கள் செலவில், காலையிலிருந்து மாலை வரை பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஏற்பாடு செய்தார்கள். லாண்டரியம்மாவை வகுப்புக்குப் போகச் சொன்னதும் அதே டாக்டர்தான்.

முதலில் அவளுக்கு அது கூத்தாகத் தெரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவதும், ரப்பர் பட்டையை இழுப்பதும், தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவதும் ஒரு வேலையா? கணவரும் கட்டிலில் படுத்தபடி கிண்டல் செய்தார். "என்ன... பதக்கம்... வாங்கப் போறியா?" அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில மாதம் போனபின் ஒருநாள் அடுப்படியில் கீழ்த்தட்டிலிருந்து பாத்திரம் எடுக்கக் குனிந்து உட்கார்ந்தவள், சாதாரணமாக எழுந்தாள். எழுந்த பிறகுதான் உறைத்தது. கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள். தனக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதே, அது வலித்தபோது மட்டும்தான் அவளுக்கு இதுவரை தெரியும். வலிக்காமலும் அது இருக்கும் என்பது புதிதாக இருந்தது.

அதற்குப் பிறகு வகுப்பு அவளுக்கு உயிர். அந்தக் கூடத்தில் யாரும் அவளிடம் தண்ணீர் கேட்பதில்லை, மருந்து கேட்பதில்லை, துணியை எங்கே வைத்தாய் என்று கேட்பதில்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு வகுப்பு உண்டா என்றுதான் முதலில் நினைப்பாள். இல்லாத நாட்களை எப்படியோ கழிப்பாள். இப்படி ஒரு ஆசையைச் சின்ன வயதில்கூட அவள் பட்டதில்லை, அதனால் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிட்டது. லாண்டரியம்மா சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து எழுவதைப் பார்த்துவிட்டாள். அன்று மாலை மகன் வரும் சத்தம் கேட்டதும், மூலையில் கிடந்த கைத்தடியை எடுத்து வந்து லாண்டரியம்மா கையில் கொடுத்தாள்.

"மறந்துட்டீங்கம்மா" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவளுக்கும் அந்த வேலை வேண்டியிருந்தது.

கணவருக்குத் தெரிந்தது வேறு விதமாக. வந்த பெண்ணுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. துணைக்கு இன்னொருவர் இல்லாமல் அவரைக் கட்டிலை விட்டு இறக்கக் கூடாது. அதனால் மனிதர் நாளெல்லாம் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மத்தியானம் அந்தப் பெண் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் ஒருநாள் அவர் சொன்னார். "ஜன்னல்... பக்கம்... பாக்கணும்." கேட்டது அவ்வளவுதான். அவருடைய குரலில் அப்படி ஒரு கெஞ்சலை அவள் கேட்டதே இல்லை. வண்டி ஓட்டிய காலத்தில் சாப்பாட்டுத் தட்டு வர ஒரு நிமிஷம் தாமதமானால் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகம் அது.

மறுநாள் வகுப்பில் கோச்சை ஓரமாகக் கூட்டிப்போய், படுத்திருக்கும் ஆளை எப்படி நாற்காலிக்கு மாற்றுவது என்று கேட்டாள். "என் சிநேகிதி வீட்ல" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டாள். கோச் பேங்க்கம்மாவை நோயாளியாக உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். இடுப்பில் அகலமான பெல்ட், அதை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். முட்டிக்கு முட்டி முட்டுக் கொடுக்க வேண்டும். முன்னும் பின்னும் மெல்ல ஆட்டி, அவர் எழும் வேகத்தோடு சேர்ந்து எழுந்து, அப்படியே திருப்பி இறக்க வேண்டும். "எக்காரணம் கொண்டும் செயலிழந்த கையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது. தோள் கழண்டுடும்" என்றாள்.

அன்று முதல் மத்தியானம் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கீழே பஸ் நிறுத்தம். அவருக்கு வேறு சொர்க்கம் வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வண்டியையும் திட்டுவார். "ப்ரேக்... போடறான் பாரு... இவனை... மாடு மேய்க்க... அனுப்பணும்." அவளும் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "நீங்க மட்டும் என்ன, பூவா ஓட்டினீங்க?" என்பாள். அந்தப் பெண் எழுந்து வருவதற்குள் அவர் மறுபடி கட்டிலில் இருப்பார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து மறைத்த முதல் விஷயம் அதுதான். அவர் மகனிடம் மூச்சுவிடவில்லை. வகுப்பைப் பற்றிய கிண்டலும் நின்றுபோனது.

எல்லாம் கெட்டது ஒரு தண்ணீர் வாளியால். குழாய் வராத ஒரு சாயங்காலம், லாண்டரியம்மா கீழேயிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். பின்னால் மகன். சீக்கிரம் வேலை முடிந்து வந்திருந்தான்.

"அம்மா, குச்சி எங்க?"

அவள் திரும்பிப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டாள். காலம் கடந்த நடிப்பு.

மகன் கெட்டவன் இல்லை. பகலில் ஒரு வேலை, சாயங்காலம் ஒரு வேலை என்று ஓடுகிறவன். கண்ணில் எப்போதும் தூக்கம் நிற்கும். அவன் கோபப்படவில்லை, சந்தோஷப்பட்டான். அதுதான் தாங்க முடியவில்லை. "நல்லா தேறிட்டம்மா நீ" என்று வாளியை வாங்கிக்கொண்டான். மேலே வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அந்தப் பொண்ணை நிறுத்திடலாமான்னு பாக்கறேன். சம்பளம் கொடுக்க எங்களாலயும் முடியலம்மா. ஞாயித்துக்கிழமை வர்றேன். அப்பாவைக் கட்டில்லேருந்து நாற்காலிக்கு ஒரு தடவை மாத்திப் பாரு. நான் பக்கத்துலயே நிக்கறேன். முடிஞ்சா பாப்போம், முடியலன்னா விட்டுடுவோம்."

முடிந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண் போய்விடுவாள். கணவரை ஒண்டியாக விட்டுவிட்டு வாசல் தாண்ட முடியாது. கூடம், ரப்பர் பட்டை, கை வீசி நடக்கிற தெரு, எல்லாவற்றையும் கை கழுவ வேண்டியதுதான். டீச்சரம்மாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு அவள் நினைவுக்கு வந்தது.

வகுப்பில் விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். "தூக்கற மாதிரி போ. பாதியில 'அம்மா'ன்னு இடுப்பைப் பிடிச்சுக்க. அவர் எங்க போயிடுவார், கட்டில்லதானே உக்காந்திருப்பார்" என்றாள் பேங்க்கம்மா. ஒரு தடவை நடித்தும் காட்டினாள். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லாண்டரியம்மாவும் சிரித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் ஜன்னலோரத்தில் கணவருக்குப் பாடம் நடந்தது.

"நாளைக்கு முழுசா எழுந்திரிக்காதீங்க. எழுந்திரிக்கற மாதிரி சும்மா முன்னால சாயுங்க. நான் 'அம்மா'ன்னதும் அப்படியே கட்டில்ல உக்காந்துடுங்க. புரியுதா?"

அவர் கீழே ஒரு பஸ் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நடிக்கணுமா?"

"ஆமா."

"வகுப்புக்கு... போகணும்... உனக்கு."

அவள் நழுவிய துண்டை எடுத்து அவர் மடியில் போட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மருமகளும் வந்தார்கள். மருமகள் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே, "அத்தை, முடியலன்னா விட்டுடுங்க, இவர் சொல்றாருன்னு எதையாவது பண்ணிக்காதீங்க" என்று குரல் கொடுத்தாள். மகன் அப்பாவைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். லாண்டரியம்மா வேண்டுமென்றே பெல்ட்டை முறுக்கிக் கட்டினாள். தெரியாதவள் மாதிரி இரண்டு தடவை அவிழ்த்தாள். மகன் வந்து சரி செய்தான். அவள் குனிந்து பெல்ட்டைப் பிடித்தாள். முட்டியை அவர் முட்டியோடு வைத்தாள். அது மட்டும் தானாக வந்துவிட்டது.

தப்பு நடந்தது அங்கேதான். தினமும் மத்தியானம் அந்த முட்டி வந்து தொட்டதும் எழுந்து பழகிய உடம்பு அவருடையது. பெல்ட் இறுகியதும் அவர் ஆடினார், ஒரு தடவை, இன்னொரு தடவை, எழுந்தார். சொன்னது மறந்துவிட்டதா? மகன் எதிரே நிற்கிறான், அவன் முன்னால் ஒரு தடவையாவது நின்று காட்டலாம் என்ற ஆசையா? அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை. முழுசாக எழுந்து, வலது காலை ஊன்றி, ஜன்னல் பக்கமாகத் திரும்பத் தொடங்கிவிட்டார். கட்டில் விலகிப்போய்விட்டது. நாற்காலி இன்னும் வரவில்லை. அத்தனை பாரமும் அவள் விரல்களில் இருந்தது, அந்த விரல்கள் அதைச் சுலபமாகத் தாங்கிக்கொண்டிருந்தன.

"அப்பா, சூப்பர்ப்பா" என்றான் மகன். அவன் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவள் பார்த்தாள்.

"அம்மா" என்றாள். பிடியை விட்டாள்.

தெரிந்தேதான் விட்டாள். பின்னால் கட்டில் இல்லை என்று தெரியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அவர் நாற்காலியில் இருப்பார் என்று தெரியும். பெல்ட்டை மறுபடி பிடிக்கவும் நேரம் இருந்தது. அவர் சாயும்போது அவளைத்தான் பார்த்தார். பயம்கூட இல்லை, இது என்ன என்று கேட்கிற மாதிரி பார்த்தார்.

மகன் பாய்ந்து பிடித்தான். கைக்கு அகப்பட்டது இடது கை. "அந்தக் கையைப் புடிக்காத, பெல்ட்டைப் புடி" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் முழு உடம்பும் அந்தக் கையில் தொங்கியது. மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவர் போட்ட கூச்சலில் மருமகள் கரண்டியோடு ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தோள் கழன்றிருந்தது, மேல் கை எலும்பிலும் விரிசல். தோளை மறுபடி பொருத்திக் கட்டுப் போட்டார்கள். இந்த வயதில், இந்த உடம்பில், எலும்பு சேர நாளாகும் என்றார்கள். அதுவரை கட்டிலை விட்டு இறக்கவே கூடாது. அதற்குப் பிறகும் பழையபடி உட்கார முடியுமா என்பதை இப்போது சொல்ல முடியாதாம். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். வெள்ளை விரிப்பு போட்ட கட்டில்கள் வரிசையாக இருந்தன. இதைப் போல எத்தனையோ விரிப்புகளை அவள் துவைத்திருக்கிறாள். யார் யார் எதற்காக அதன்மேல் வந்து படுத்தார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மகன் கட்டில் காலடியில் நின்று அழுதான். வளர்ந்த ஆண் அழுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. "நான்தான் சொன்னேன், தூக்கிப் பாருன்னு. நான்தான் கையைப் பிடிச்சு இழுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். மருமகள் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தாள். சொல்லிவிடலாம் என்று லாண்டரியம்மா வாயைத் திறந்தாள். நீ இல்லடா, நான்தான் என்று மூன்றே சொல். அது நாக்கு நுனிவரை வந்தது. அதற்குப் பின்னாலேயே அந்தக் கூடமும் வந்து நின்றது, ஜன்னல் வெளிச்சமும் வரிசையாகப் போட்ட நாற்காலிகளுமாக. இந்த நேரத்திலா அது நினைவுக்கு வரும் என்று தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. வாய் மூடிக்கொண்டது.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். குற்றம் சாட்டவில்லை, சும்மா கேட்டான். "நல்லாத்தானே தூக்கின அம்மா. பாதிக்கு மேல வந்துட்டாரே. ஒரு நிமிஷம் தாங்கியிருக்க முடியாதா?"

கட்டிலில் இருந்தவர் தூங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். கண்ணைத் திறக்காமலே பேசினார். மருந்து மயக்கத்தில் சொற்கள் இன்னும் தூரம் தூரமாக வந்தன.

"அவளுக்கு... எங்கடா... பலம்?"

மகன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"முட்டி... போச்சு. பாவம். அவளைத்... தூக்கச் சொல்லாத." மூச்சு வாங்கினார். "அந்தப் பொண்ணை... நிறுத்தாத."

"நிறுத்தலப்பா. சத்தியமா நிறுத்த மாட்டேன்" என்றான் மகன்.

லாண்டரியம்மா கட்டிலருகே போய் அவருடைய நல்ல கையைத் தொட்டாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை. கண்ணைத் திறந்து ஒரு தடவை பார்த்துத் திட்டியிருந்தால் போதும், ஆயுசுக்கும் வாங்கிய திட்டோடு திட்டாக வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. அவள் கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது. கொடுத்தவர் அவர். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நிக்காதம்மா, முட்டி வலிக்கும்" என்று சொல்லிக்கொண்டே மகன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். ஒரு கையால் அவள் தோளையும் இன்னொரு கையால் முழங்கையையும் பிடித்து, உடைந்துபோகிற சாமானை இறக்கி வைக்கிற மாதிரி மெதுவாக உட்கார வைத்தான். அவளும் அவன் மேல் முழுப் பாரத்தையும் போட்டு உட்கார்ந்தாள்.